தாடை வீங்கிய மீனுக்கு மருந்து வேண்டாம்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள உப்புநீர்த் தொட்டி வைத்து ஏழு வாரம் ஆகிறது. நான்காம் நாளே இரண்டு க்ளவுன் மீன்களை விட்டிருக்கிறார். ஐந்து வாரத்துக்கு முன் ஆறு பாங்காய் கார்டினல் வாங்கினார். ‘சாதுவான மீன், கூட்டமாக வைத்தால்தான் அழகு, பண்ணையில் பிறந்தது’ என்று கடைக்காரர் சொன்னாராம். முதல் பன்னிரண்டு நாளில் இரண்டு மீன்கள் இரை தொடாமல், உடல் கறுத்து, வெள்ளை நூல்போலக் கழிந்து செத்தன. மூன்றாம் வாரத்தில் இன்னொன்று துடுப்பு கிழிந்த நிலையில் பாறைக்குப் பின்னால் கிடந்தது. மிச்சம் மூன்று. அவற்றில் இரண்டு எப்போதும் ஒன்றாகவே பாறைக்கடியில் நிற்கின்றன. மூன்றாவது, ஃபில்டர் தண்ணீர் விழும் மேல்மூலையை விட்டு நகர்வதில்லை. ஜோடியில் ஒன்றுக்கு ஒன்பது நாளாகத் தாடை வீங்கியிருக்கிறது, இரையும் எடுக்கவில்லை. கடைக்காரர் ‘வாய் நோய்’ என்று சொல்லி ஒரு மஞ்சள் ஆன்டிபயாடிக் பொடி கொடுத்திருக்கிறார். பொடி எவ்வளவு போடலாம், சண்டை அடங்க இன்னும் நான்கு மீன் வாங்கலாமா, மூலையில் நிற்பதைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாமா, மதியத்தில் தண்ணீர் 31 டிகிரிக்குப் போகிறதே, தூத்துக்குடியிலிருந்து லைவ் ராக் (சிறு உயிர்கள் ஒட்டிய கடல் பாறை) தருவித்துத் தருகிறேன் என்கிறார்களே வாங்கலாமா, அழிந்துவரும் மீன் என்று படித்தேன், நான் செய்தது தவறா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

பொடியை இன்னும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, போடாதீர்கள். கடிதத்தைப் படித்த அளவில், தாடை வீங்கிய மீனுக்கு நோய் இருப்பதாகத் தோன்றவில்லை. அது ஆண் மீன். வாய்க்குள் முட்டைகளை வைத்து அடைகாக்கிறது. உங்கள் தொட்டியில் உயிருக்கு ஆபத்தில் இருப்பது, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன அந்த மேல்மூலை மீன்தான்.

வாய்க்குள் இருப்பது என்ன

கார்டினல் மீன் குடும்பத்தில் ஆண்தான் முட்டையை வாயில் சுமக்கும். பாங்காய் கார்டினல் ஒரு தடவைக்கு நாற்பதிலிருந்து தொண்ணூறு வரை இடும். ஒவ்வொரு முட்டையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அத்தனையும் வாய்க்குள் இருக்கும்போது ஆண் எதையும் தின்னாது. பொரிய ஏறக்குறைய இருபது நாள் ஆகும். பொரிந்த குஞ்சுகளையும் ஒரு வாரம், பத்து நாள் வரை வாயிலேயே வைத்திருந்துதான் வெளியே விடும். ஆக, ஒரு மாதம் அது பட்டினி கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கடிதத்தை வைத்து நூறு சதவீதம் உறுதி சொல்ல முடியாது. நீங்களே பார்த்துவிடலாம். அறை வெளிச்சத்தைக் குறைத்து, பத்து நிமிடம் அசையாமல் தொட்டி முன் உட்காருங்கள். வீக்கம் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் சமமாக, பை தொங்குவதுபோல இருக்கிறதா? அவ்வப்போது கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து உள்ளே எதையோ புரட்டுகிறதா? அந்த நொடியில் ஆரஞ்சு நிற மணிகள் தெரிகின்றனவா? உடல் வெள்ளியும் கறுப்புமாகப் பளிச்சென்று, செவுள் மூடி நிதானமாக அசைந்தால் கவலை இல்லை. மாறாக, வீக்கம் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, உதட்டில் புண்ணோ பஞ்சுபோன்ற வெண்மையோ தெரிந்தாலோ, உடல் கறுத்து மூச்சு வாங்கினாலோ அது வேறு விஷயம். அப்போது படம் எடுத்து மறுபடி எழுதுங்கள்.

ஆன்டிபயாடிக் போட்டால் இரண்டு கெடுதல். ஏழு வாரமே ஆன தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சைத் தின்னும் பாக்டீரியா இப்போதுதான் பாறையிலும் ஸ்பாஞ்சிலும் காலூன்றியிருக்கும். அதையும் மருந்து அடிக்கும். அடுத்து, தண்ணீரில் திடீர் மாற்றம் வந்தால் ஆண் மிரண்டு முட்டைகளை விழுங்கிவிடும், அல்லது துப்பிவிடும்.

முதல் தடவை அடைகாக்கும் ஆண் எந்தத் தூண்டலும் இல்லாமலேயே பாதியில் விழுங்கிவிடுவதுண்டு. ஒரு நாள் காலையில் தாடை வற்றி, மீன் பசியோடு இரைக்கு ஓடி வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. சில வாரத்தில் ஜோடி மறுபடி முட்டையிடும்.

சாது என்பதற்கு அர்த்தம்

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. பாங்காய் கார்டினல் க்ளவுனையோ கோபி மீனையோ சீண்டாது. பவளத்தைக் கடிக்காது. பகலெல்லாம் ஓரிடத்தில் மிதந்துகொண்டு நிற்கும். ஆனால் அந்தச் சாதுத்தனம் மற்ற இன மீன்களிடம்தான். தன் இனத்தில் ஒரு ஜோடி சேர்ந்துவிட்டால், எல்லைக்குள் வரும் மற்ற பாங்காய்களை அது விடாது. கடலிலும் ஜோடிகள் கூட்டத்திலிருந்து விலகித்தான் முட்டையிடும். அங்கே துரத்தப்பட்ட மீன், நீண்ட முட்கள் கொண்ட கடல் முள்ளெலிகள் (sea urchin) இருக்கும் அடுத்த இடத்துக்குப் போய்விடும். உங்கள் தொட்டியில் தொண்ணூறு சென்டிமீட்டர் போனால் கண்ணாடி. மூன்றாம் வாரம் துடுப்பு கிழிந்து செத்த மீனுக்கு நேர்ந்தது இதுதான் என்பது என் கணிப்பு. மேல்மூலையில் தண்ணீர் விழும் இடத்தில் ஒடுங்கி நிற்பது, அடுத்தது யார் என்பதைக் காட்டுகிறது.

ஆகவே இன்னும் நான்கு வாங்கும் யோசனையைக் கைவிடுங்கள். ஆப்பிரிக்க சிக்லிட் என்ற நன்னீர் மீன்களின் தொட்டிகளில், கூட்டத்தைப் பெருக்கினால் அடி பரவலாகிக் குறையும் என்ற கணக்கு எடுபடும். அதையே இங்கும் பலர் சொல்வார்கள். 150 லிட்டரில் ஒரு பாங்காய் ஜோடிக்கு அது பொருந்தாது. நான்கும் ஒவ்வொன்றாக மூலைக்குப் போகும். கூட்டமாகக் கார்டினல் வைக்க ஆசை என்றால், என்றாவது நான்கடித் தொட்டி வாங்கும்போது ஐந்து பைஜாமா கார்டினல் வையுங்கள். புள்ளி போட்ட பின்பாதியும் சிவந்த கண்ணுமாக இருக்குமே, அந்த மீன். அது தன் இனத்தோடு இதைவிட ஒத்துப்போகும்.

மூன்றாவது மீனை இன்றிரவே பிரியுங்கள். விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழிந்தபின், வெளியே மங்கலான டார்ச் வெளிச்சம் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய கண்ணாடிக் குவளையைத் தண்ணீருக்குள் சாய்த்து வைத்து, இன்னொரு கையால் மெதுவாக அதற்குள் ஒதுக்குங்கள். பகலில் வலையோடு துரத்தினால் அடைகாக்கும் ஆணும் கலவரப்படும். உடனே வேறு தொட்டி இல்லையென்றால், துளையிட்ட அக்ரிலிக் பெட்டி ஒன்றை அதே தொட்டியின் மறுகோடியில் தொங்கவிட்டு அதில் விடலாம். இரண்டு வாரம் தாங்கும். நிரந்தர ஏற்பாடாக இரண்டடித் தொட்டி, சுமார் 70 லிட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. வளைவுக் குழாய் போதும். ஸ்பாஞ்சை இப்போதே பெரிய தொட்டிக்குள் போட்டு வைத்தால் பாக்டீரியா பிடித்துக்கொள்ளும். தனியாக இருந்தால் ஏங்கிப் போகும் என்று நினைக்காதீர்கள். பாங்காய் தனித்து நன்றாகவே வாழும்.

கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். அதற்குக் காரணம் முதலில் செத்த இரண்டு மீன்கள்.

முதல் இரண்டு சாவுகள்

நீங்கள் எழுதிய அறிகுறிகள், அதாவது இரை மறுப்பு, கறுத்த உடல், வெள்ளை நூல் கழிவு, வந்த சில நாளில் சாவு, எல்லாம் பாங்காய் மீன்களைப் பிடிக்கும் ஓர் இரிடோ வைரஸ் நோயோடு ஒத்துப்போகின்றன. இறக்குமதியான பாங்காய்களில் இந்த வைரஸைக் கண்டறிந்த ஆய்வு 2009இல் வெளியானது. இதற்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. அதே சமயம், நான்காம் நாளே மீன் விட்ட தொட்டி என்பதால் அம்மோனியாவையும் ஒதுக்கிவிட முடியாது. அந்த நாட்களில் சோதனைப் பட்டையில் அம்மோனியா 0.25 காட்டியதாகச் சொல்கிறீர்கள். எண் சிறியதுதான். ஆனால் பி.எச். 8.2, வெப்பம் முப்பதுக்கு மேல் என்றால் அதில் நச்சாக மாறும் பங்கு கூடிவிடும். நைட்ரைட் 0.5 இருந்ததற்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. கடல் நீரிலுள்ள குளோரைடு அதன் நஞ்சைப் பெருமளவு தடுக்கும். நன்னீர்த் தொட்டிக்காரர்கள் சொல்லும் அளவை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எது காரணம் என்று இப்போது சொல்ல வழியில்லை. செத்த மீனிலிருந்து பி.சி.ஆர். செய்திருந்தால் தெரிந்திருக்கும். இனி ஏதாவது மீன் இறந்தால் ஃப்ரீஸரில் வைக்காமல், பையில் கட்டி ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். சென்னையில் மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வீட்டுத் தொட்டி மீன்களை எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். அதுவரை உங்கள் தொட்டியை வைரஸ் இருக்கக்கூடிய தொட்டியாகவே நினைத்து நடத்துங்கள். புதிய மீன் வேண்டாம், இங்கிருந்து மீன் எதுவும் வீட்டுக்கு வெளியே போகவும் வேண்டாம். இந்தத் தொட்டி வலையை இன்னொரு தொட்டியில் போடவும் வேண்டாம்.

31 டிகிரி

இந்த மீனின் பிறப்பிடம் இந்தோனேசியாவின் சுலவேசிக்கு அருகிலுள்ள பாங்காய் தீவுகளின் ஆழமில்லாத கரையோரம். அங்கேயும் தண்ணீர் சூடானதுதான். அதனால் 31 டிகிரி என்ற எண் அதைக் கொன்றுவிடாது. காலையில் 27, மூன்று மணிக்கு 31 என்று தினமும் நான்கு டிகிரி ஏறி இறங்குவதுதான் தொல்லை. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். வாய் நிறைய முட்டையோடு மூச்சு விடும் ஆணுக்கு அது முதலில் உறைக்கும். 26இலிருந்து 28க்குள், ஏற்ற இறக்கம் ஒன்றரை டிகிரிக்குள் இருக்கும்படி பாருங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். தண்ணீர்ப்பரப்பின் குறுக்கே ஒரு சிறு மின்விசிறி வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விசிறி இரண்டு டிகிரிக்கு மேல் இறக்காது. அது போதாதபோது 150 லிட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு ஹெச்.பி. சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, சரியாக இருக்கும். சில்லரை மரப் பெட்டிக்குள் அடைத்தால் தன் சூட்டைத் தானே விழுங்கி வீணாகும். பின்பக்கம் காற்று போக வழி விடுங்கள். விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டாம். அதிக வெளிச்சம் இந்த மீனுக்குத் தேவையில்லை.

விசிறி போட்டால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். உப்புத் தண்ணீரால் நிரப்பினால் இரண்டே வாரத்தில் உப்படர்த்தி எங்கோ போய்விடும். 1.025இல் நிறுத்துங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாமல் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாரம் 15 லிட்டர் மாற்றினால் போதும். அதற்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் கடல் உப்புக் கலவை பிடிக்கும். முந்தின நாளே கலந்து காற்றோட்டம் கொடுத்து, தொட்டி வெப்பத்துக்கு வந்தபின் மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குஞ்சு வெளிவரும்வரை ஜோடி நிற்கும் பக்கம் சைஃபன் போட வேண்டாம். கடற்கரையிலிருந்து கேனில் கொண்டுவந்து தரும் கடல்நீரும் வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கும் கரை நம்முடையது. மழைக்காலத்தில் அதன் உப்பளவு எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

குஞ்சுகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால்

வீக்கம் கண்ட நாளை முதல் நாளாக வைத்துக் காலண்டரில் எண்ணுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் குஞ்சுகள் தொட்டிக்குள் வெளியேறும். அவற்றை க்ளவுன்கள் தின்னும், பெற்றவையே தின்னும். காப்பாற்ற நினைத்தால் ஆண் மீனை 22ஆம் நாளுக்கு மேல், தொட்டிக்குள்ளேயே தொங்கும் துளைப் பெட்டிக்கு மாற்றுங்கள். தண்ணீருக்கு மேலே தூக்காமல், குவளையோடு நீருக்கடியிலேயே நகர்த்த வேண்டும். அதற்கு முன் மாற்றினால், மிரண்டு துப்பும் முட்டைகள் வீண். இருபது நாள் கடந்து துப்பினால் பொரிந்த குஞ்சுகளாவது பிழைக்கும். இந்த இனத்துக்கு மற்றக் கடல் மீன்களைப்போல நீரில் மிதந்து அலையும் லார்வாப் பருவம் இல்லை. வெளிவரும்போதே பெரிய மீனின் அச்சு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவில். அதனால்தான் வீட்டில் வளர்க்க முடிகிறது. பைஜாமாவும் வாயில்தான் அடைகாக்கும். ஆனால் அதன் குஞ்சுகள் மிகச் சிறிய லார்வாவாக மிதக்கும், வீட்டில் தேறுவது கடினம்.

கடலில் இந்தக் குஞ்சுகள் நீண்ட கறுப்பு முள் கொண்ட கடல் முள்ளெலியின் முட்களுக்கிடையே ஒண்டி வாழும். நிஜ முள்ளெலி தேவையில்லை, அதற்குத் தீனி போடுவதே ஒரு வேலை. பி.வி.சி. குழாய் மூடி ஒன்றில் இருபது துளை போட்டு, கறுப்பு கேபிள் டைகளைக் குத்தி நிறுத்துங்கள். குஞ்சுகள் தயங்காமல் உள்ளே போய்விடும்.

இரைதான் தவறும் இடம். ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை) முட்டை, பலத்த காற்றோட்டம். சென்னை வெப்பத்தில் 24 மணி நேரத்தில் பொரியும். அப்போதே பிடித்துப் போட்டால் குஞ்சு தின்னும், வளரவும் செய்யும். பிறகு ஒரு நாள் நீங்கள் விளக்கைத் தட்டியதும் நாலைந்து குஞ்சுகள் விறைத்துச் சுழன்று அடியில் விழும். கொழுப்பு அமிலக் குறைவால் வருவது அது. வெறும் ஆர்ட்டீமியாவில் அந்தக் கொழுப்பு போதுமான அளவு கிடையாது. கொழுப்புச் செறிவூட்டும் எமல்ஷன் வாங்கி ஆர்ட்டீமியாவுக்கு ஊட்டி, பிறகு மீனுக்குக் கொடுக்க வேண்டும். பொரிந்த உடனே ஊட்டிப் பயனில்லை, ஆர்ட்டீமியாவுக்கு அப்போது வாயே திறந்திருக்காது. பொரிந்து எட்டுப் பத்து மணி நேரம் விட்டு, எமல்ஷனில் பன்னிரண்டு மணி நேரம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். நாளுக்கு மூன்று வேளை. காலையில் முதலில் அறை விளக்கு, அரை மணி கழித்துத் தொட்டி விளக்கு. ஒரு மாதத்துக்கு மேல், நறுக்கிய மைசிஸ் என்ற இறால்போன்ற சிற்றுயிருக்குப் பழக்கலாம்.

குஞ்சுகளை விட்டபின் ஆண் எலும்பும் தோலுமாக இருக்கும். உடனே பெண்ணோடு விட்டால் மறுபடி வாய் நிறைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் அதே பெட்டியில் வைத்து, மைசிஸை நாளுக்கு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தேற்றுங்கள்.

லைவ் ராக், மனக்குறை

பவளம் ஒட்டிய பாறையை யார் தந்தாலும் வாங்காதீர்கள். கல்பவளங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத்துண்டும் அதில் அடங்கும். தூத்துக்குடி என்றால் மன்னார் வளைகுடா என்று அதிகாரிக்கும் தெரியும். விற்றவரோடு சேர்ந்து வைத்திருப்பவரும் பதில் சொல்ல வேண்டிவரும். பீங்கான் பாறையோ, செயற்கை உலர் பாறையோ போதும். பாக்டீரியா அதிலும் குடியேறும், கொஞ்சம் தாமதமாக.

அழிந்துவரும் மீன் என்று நீங்கள் படித்தது சரிதான். பாங்காய் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத இனம். 1920இல் ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் வால்டர் காடெர்ன் சேகரித்தார். 1933இல் அறிவியல் பெயர் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில் வண்ணமீன் வணிகத்துக்கு வந்தது. 2007இல் ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அருகிவரும் இனமாக அறிவித்துவிட்டது. ஒரு தடவைக்கு ஐம்பது அறுபது முட்டை, லார்வா பரவாததால் ஒரு விரிகுடாவில் தீர்ந்தால் பக்கத்திலிருந்து வந்து நிரம்புவதும் இல்லை. வாங்கியதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. பண்ணை மீன் என்ற வாக்கை நம்பினீர்கள். அடுத்த முறை ரசீதில் அதை எழுதிக் கேளுங்கள், கண்ணெதிரே குருணைத் தீனி போடச் சொல்லுங்கள். பண்ணையில் பிறந்தது பெரும்பாலும் குருணையைத் தின்னும். கடலில் பிடித்தது வேடிக்கை பார்க்கும். இப்போது இருக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பொய் சொல்லி விற்றதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஆய்வக முடிவு இல்லாமல் நோயோடுதான் விற்றார் என்று நிரூபிப்பது சிரமம். பணத்தை அதில் செலவிடுவதைவிட ரிஃப்ராக்டோமீட்டருக்குச் செலவிடுவேன்.

குஞ்சுகள் தேறினால், கடலில் பிடித்த மீனை வாங்க நினைக்கும் நாலு பேருக்கு அவற்றைக் கொடுக்கலாம். அதற்கு முன் குறைந்தது இரண்டு மாதம் தொட்டியில் ஒரு சாவும் இருக்கக் கூடாது, இரண்டொரு குஞ்சுகளைப் பி.சி.ஆருக்கும் அனுப்பியிருக்க வேண்டும். வாங்கிக்கொள்பவரிடம் முதலில் செத்த இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.